விதிப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வாங்க

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட யாரையாவது முதன்முதலாகக் கூப்பிட்டால், விதிப்புத்தகத்தை நான் கண்ணிலேயே காட்டுவதில்லை. அது பாட்டுக்கு அலமாரியில் இருக்கும். மேசையில் ஆளுக்கு ஓர் அட்டை, ஒரு பென்சில், ஒரே ஒரு இருபது பக்க டைஸ். "ரூல்ஸ் எல்லாம் எப்போ சொல்லிக் கொடுப்பே?" என்று கேட்பார்கள். "வேணுங்கிறப்போ சொல்றேன், உட்காருங்க" என்பேன்.

பினாங்கில் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் என்னோடு ஷிஃப்ட் பார்க்கும் இரண்டு மூன்று பேர் தங்கள் வீட்டிலும் இதை ஆரம்பிக்க ஆசைப்படுகிறார்கள். கேன்டீனில் உட்கார்ந்து பாதி சொல்வதற்குள் பிரேக் முடிந்துவிடுகிறது. அதனால் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டில், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், தமிழில்தான் இந்த விளையாட்டை நடத்துகிறேன். வருகிறவர்கள் சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், அவர்கள் கூட்டி வரும் சிநேகிதர்கள். இப்படி ஒரு விளையாட்டு இருப்பதையே பலர் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் கேள்விப்பட்டார்கள்.

கேள்விப்படாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு பேர் வெளியிட்ட விளையாட்டு இது. அதற்கு முன்பு பொம்மைப் படைகளை மேசைமேல் நகர்த்தி விளையாடும் போர் விளையாட்டுகள் இருந்தன. அதில் ஆளுக்கு ஒரு படை. இவர்கள் ஆளுக்கு ஒரே ஒரு ஆள் என்று மாற்றினார்கள். அந்த ஒரு ஆளுக்குப் பெயர் உண்டு, ஆசை உண்டு, பயம் உண்டு. கதையை நடத்துகிறவரை டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம் என்போம். அவர் ஓர் இடத்தை விவரித்துவிட்டு "என்ன செய்றீங்க?" என்று கேட்பார். மனதில் தோன்றியதை மற்றவர்கள் சொல்வார்கள். அது நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும்போது மட்டும் இருபது பக்க டைஸை உருட்டி, தங்கள் கேரக்டரின் திறமைக்கான எண்ணைக் கூட்ட வேண்டும். எளிதான காரியத்துக்கு 10, நடுத்தரமானதற்கு 15, கஷ்டமானதற்கு 20. எட்டினால் நடக்கும். ஜெயித்தவர், தோற்றவர் என்று யாரும் இல்லை. கதை அடுத்த வாரமும் தொடரும்.

இவ்வளவுதான் அடிப்படை. இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். ஆனால் பல இடங்களில் புதியவரை உட்கார வைத்ததும் முதலில் கையில் கொடுப்பது புத்தகத்தை. 2024-ல் வந்த புதிய விளையாட்டாளர் கையேடு 384 பக்கம். அதில் கேரக்டருக்கு 12 வகை, 10 இனம், 16 பின்னணி. இன்னும் ஒரு தடவைகூட விளையாடிப் பார்க்காதவரிடம் "இதிலிருந்து உனக்குப் பிடிச்சதைத் தேர்ந்தெடு" என்றால் அவர் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பார்? ஆறு திறன்களுக்கு எண் போடுவதும், மந்திரப் பட்டியல் படிப்பதும், ஆயுதம் வாங்கக் காசு எண்ணுவதுமாக மூன்று மணி நேரம் ஓடிவிடும். கதை ஆரம்பிக்கும் முன்பே வீட்டுக்குப் போகிற நேரம் வந்துவிடும். அப்படிப் போனவர்கள் மறுபடி வராமல் இருப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. பல்லாங்குழியை யார் நமக்கு விதி சொல்லிக் கற்றுக் கொடுத்தார்கள்? பாட்டி எதிரே உட்கார்ந்து "எடு, போடு, அடுத்த குழி" என்று முதல் ஆட்டத்தைக் கூடவே ஆடினார். நாம் ஆடி ஆடித்தான் கற்றுக்கொண்டோம்.

அதனால் கேரக்டர்களை நானே முன்கூட்டி எழுதி வைத்துவிடுகிறேன். ஏ4 தாளில் பாதி அளவு தடித்த அட்டை. மேலே பெயர். அடுத்து மூன்று வரி: நீங்கள் யார், உங்களுக்கு என்ன வேண்டும், எதில் கெட்டிக்காரர். அதற்குக் கீழே பெரிய எழுத்தில் நான்கைந்து எண்கள். கடைசியில் மூட்டையில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல். இந்தப் பட்டியலுக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். கயிறு, விளக்கு, கத்தி எல்லாம் எல்லோரும் எழுதுவது. நான் அதோடு அவல், வெல்லம், அம்மாவின் ஒற்றை வளையல், வாசிக்கத் தெரியாத மொழியில் வந்த கடிதம், பாதி தீர்ந்த நல்லெண்ணெய்க் குப்பி என்று ஏதாவது சேர்ப்பேன். புதியவருக்கு வாள் வீசத் தெரியாது. ஆனால் கையில் ஒரு பொருள் இருந்தால் அதை வைத்து என்ன செய்யலாம் என்று அவருக்குத் தோன்றும். விளையாட்டு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மேசைக்கு எத்தனை பேர் வருகிறார்களோ, அதைவிட இரண்டு அட்டை கூடுதலாக வைப்பேன். மூன்று வரியைப் படித்துவிட்டு, பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். பெயர் பிடிக்கவில்லையா, அழித்துவிட்டு வேறு எழுதிக்கொள்ளலாம். அதற்குத்தான் பென்சில். ஆணோ பெண்ணோ, எந்த வயதோ, அது அவர்கள் இஷ்டம்.

என் சித்தி விளையாடிய முதல் நாளைச் சொன்னால் இது இன்னும் புரியும். சித்தி பெரிய ஆஸ்பத்திரியில் அட்டெண்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் வீட்டுக்கு வந்தவர் சும்மா வேடிக்கை பார்க்க உட்கார்ந்தார். நான் ஓர் அட்டையை முன்னால் தள்ளினேன். மருத்துவச்சி செங்கமலம். "எனக்கு என்னம்மா தெரியும், நீங்க விளையாடுங்க" என்றார். "சும்மா கையில வெச்சிருங்க சித்தி" என்றேன்.

கதை இது: துறைமுகத்துப் பண்டகசாலைக்குள் யாரோ ஒரு பையனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். வாசலில் ஒரு காவலாளி, ஈட்டியோடு. நடுராத்திரி, தூறல். படிவம் 4 படிக்கும் என் அண்ணன் மகன், திருடன் கேரக்டர், பின்பக்கமாகப் போய்த் தலையில் அடித்துவிடலாம் என்றான். என் வீட்டுக்காரர் போர்வீரர். நேராகப் போய் மோதலாம் என்றார். இரண்டு பேரும் திட்டம் போட்டுக்கொண்டே இருந்தார்கள். சித்தி அட்டையைப் பார்த்தபடி பேசாமல் இருந்தார்.

நான் அவர் பக்கம் திரும்பி, "செங்கமலம், நீங்க என்ன செய்றீங்க?" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "அந்தக் காவக்காரன் எப்போலேருந்து நிக்கிறான்?"

"சாயங்காலத்துலேருந்து."

"மாத்து ஆள் வரலையா?"

"இன்னும் வரலை."

"அப்போ சாப்பிட்டிருக்க மாட்டான்." அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "என் மூட்டையில அவலும் வெல்லமும் இருக்குல்ல? நான் போய்க் குடுக்குறேன். ‘தம்பி, மழையில நிக்கிறியே, இதைச் சாப்பிட்டுட்டு அந்தக் கூரைக்குக் கீழே போய் உக்காரு, நான் பார்த்துக்குறேன்’னு சொல்லுவேன்."

அண்ணன் மகன் திட்டத்தை மறந்துவிட்டு அவரையே பார்த்தான். அப்போதுதான் நான் முதல் விதியைச் சொன்னேன். "சித்தி, அவன் வேலையை விட்டு நகரணும்னா லேசு இல்ல. 15 வரணும். உங்களுக்குப் பேச்சுல +3. டைஸ்ல 12, இல்ல அதுக்கு மேல விழணும்." இருபது பக்கத்தில் 12 முதல் 20 வரை ஒன்பது எண்கள். அதாவது 45 சதவீத வாய்ப்பு. "ஆனா நீங்க அவனுக்குச் சாப்பாடு குடுத்திருக்கீங்க. அதனால ரெண்டு தடவை உருட்டலாம், பெருசா விழுந்ததை எடுத்துக்கலாம்." இந்த விதிக்கு ஆங்கிலத்தில் அட்வான்டேஜ் என்று பெயர். ஐந்தாம் பதிப்பில் வந்த அருமையான ஏற்பாடு. அது சேர்ந்ததும் 45 சதவீதம் கிட்டத்தட்ட 70 ஆகிவிடுகிறது. கூட்டல் கழித்தல் எதுவும் வேண்டாம், இன்னொரு தடவை உருட்டினால் போதும்.

முதல் உருட்டல் 4. மேசையே "ஐயோ" என்றது. இரண்டாவது 13. மூன்றைக் கூட்டிச் சித்தியே வாய்விட்டுச் சொன்னார்: "பதினாறு!" அண்ணன் மகன் எழுந்து நின்று கத்தினான், "சின்னப் பாட்டி, சூப்பர்!" காவலாளி கூரைக்குக் கீழே போய் உட்கார்ந்து அவலைச் சாப்பிட்டான். யாரும் யாரையும் அடிக்கவில்லை. பையனை வெளியே கொண்டு வந்தாயிற்று. போகும்போது சித்தி அந்தக் காவலாளியிடம் அவன் பெயர் என்ன என்று கேட்டார். நான் அவனுக்குப் பெயரே வைத்திருக்கவில்லை. அந்த நிமிஷத்தில் ஒரு பெயர் வைத்தேன். அதற்குப் பிறகு அவன் எங்கள் கதையில் நிரந்தரமாக இருக்கிறான்.

அன்றைக்குச் சித்தி கற்றுக்கொண்டது மூன்று விஷயங்கள்: இலக்கு எண், கூட்டல் எண், இரண்டு தடவை உருட்டுவது. விளையாட்டின் பாதி அதுதான். உட்கார வைத்துப் பாடம் நடத்தியிருந்தால் அந்த மூன்றும் மனதில் நின்றிருக்காது. தனக்கு வேண்டிய ஒரு காரியத்துக்காக உருட்டினார், அதனால் நின்றது. முதல் உருட்டல் எப்போதும் இப்படித்தான் அமைய வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வலுக்கட்டாயமாக "எல்லோரும் ஒரு தடவை உருட்டிப் பாருங்க" என்று ஆரம்பிக்கக் கூடாது. புதியவர் ஏதோ ஒன்றை ஆசைப்பட்டுக் கேட்கிற வரைக்கும் டிஎம் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

சண்டை வந்தால் கொஞ்சம் கவனம் வேண்டும். ஆரம்பப் படியான லெவல் 1-ல் எல்லோரும் மெல்லிய உயிர்தான். கோப்ளின் என்ற குட்டிப் பகைவன் ஐந்தாம் பதிப்பின் 2014 புத்தகத்தில் மிகச் சாதாரணமானவன். அவனுக்கு உயிர்ப்புள்ளி, அதாவது எவ்வளவு சேதம் தாங்குவான் என்ற கணக்கு, 7; அவன்மேல் அடி விழ 15 வேண்டும். +5 உள்ள போர்வீரர் டைஸில் 10 அல்லது அதற்கு மேல் போட வேண்டும், 55 சதவீதம். அப்படியென்றால் இரண்டு வீச்சில் கிட்டத்தட்ட ஒன்று வீணாகப் போகும். அந்தப் பக்கம் அவன் விடும் அம்பு ஆறு பக்க டைஸோடு 2 சேர்த்து, 3 முதல் 8 வரை சேதம் செய்யும். லெவல் 1 மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி ஏழெட்டுதான் இருக்கும். இரண்டு அம்பு பட்டால் விழுந்துவிடுவார். நான்கு புதியவர்களுக்கு எதிரே நான்கு கோப்ளின்களை நிறுத்தினால் அது விளையாட்டாக இருக்காது. நான் முதல் நாள் இரண்டு பேரைத்தான் நிறுத்துவேன். அதிலும் ஒருவன் அடிபட்டதும் ஓடிவிடுவான்.

அடி தவறும்போது டிஎம் பேசும் பேச்சு ரொம்ப முக்கியம். "மிஸ்" என்று ஒரு வார்த்தையில் முடித்தால், தன் முறைக்காகப் பத்து நிமிடம் காத்திருந்தவர் முகம் வாடிவிடும். "உங்க வாள் அவன் கேடயத்துல பட்டுத் தீப்பொறி பறக்குது, அவன் ரெண்டு அடி பின்னால போறான், பின்னால கிணறு" என்று சொல்லிப் பாருங்கள். சேதம் அதே பூஜ்யம்தான். ஆனால் அடுத்த முறை என்ன செய்யலாம் என்று அவருக்கு யோசனை கிடைத்துவிட்டது. அந்தக் கிணற்றை யாராவது ஒருவர் கட்டாயம் பயன்படுத்துவார்.

உயிர்ப்புள்ளி பூஜ்யம் ஆனதும் புதியவர்கள் "நான் அவுட்டா?" என்று அட்டையைக் கீழே வைத்துவிடுவார்கள். இல்லை என்பதை உடனே சொல்லிவிட வேண்டும். மயங்கித்தான் கிடக்கிறார். தன் முறை வரும்போதெல்லாம் டைஸ் உருட்டலாம். 10 அல்லது மேலே விழுந்தால் ஒரு வெற்றி, கீழே விழுந்தால் ஒரு தோல்வி. மூன்று வெற்றி சேர்ந்தால் பிழைத்துக் கிடப்பார், மூன்று தோல்வி சேர்ந்தால் இறந்துபோவார். 20 விழுந்தால் ஓர் உயிர்ப்புள்ளியோடு கண்ணைத் திறப்பார். இதைவிட மேசை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும் உருட்டல் வேறு இல்லை.

யார் முதலில் அடிப்பது என்று உருட்டிப் பார்க்கும் விதியை முதல் சண்டையில் நான் விட்டுவிடுகிறேன். உட்கார்ந்திருக்கும் வரிசையே போதும். மந்திரவாதி அட்டையை எடுத்தவருக்கு ஒரு மந்திரம் மட்டும் பெரிதாக எழுதித் தருவேன்: மேஜிக் மிசைல். மூன்று ஒளி அம்புகள், ஒவ்வொன்றும் நாலு பக்க டைஸோடு 1, குறி தவறவே தவறாது. தவறாத ஒரு காரியம் கையில் இருந்தால் புதியவருக்குத் தைரியம் வருகிறது. நாலு பக்க டைஸை அப்போது எடுத்துக் கொடுத்தால் போதும். ஏழு டைஸையும் முதலிலேயே கொட்டிவிட்டால் ஒவ்வொரு தடவையும் எதை உருட்டுவது என்று தேடிக்கொண்டே இருப்பார்கள்.

அடுத்தது, ஏற்கெனவே விளையாடிப் பழகியவர்களைப் பற்றி. புதியவர் ஒருவர் இருக்கும் மேசையில் பழையவர் ஒருவரும் இருப்பது நல்லதுதான். ஆனால் அவரைத் தனியாக அழைத்து நான் ஒன்று சொல்லிவிடுவேன்: கேட்டால் மட்டும் விதியைச் சொல்லுங்கள், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாதீர்கள். "நீ ஹீலர், பின்னால நில்லு, எனக்கு அடிபட்டா ஹீல் பண்ணு" என்று ஒரு பழையவர் சொல்லிவிட்டால் முடிந்தது கதை. சித்தி பின்னாலேயே நின்றிருப்பார், காவலாளி பட்டினியோடு அடி வாங்கியிருப்பான். கெட்டிக்காரத்தனமான ஆட்டத்தைவிடப் புதியவரின் சொந்த ஆட்டம் எனக்குப் பெரிது. அவர் முட்டாள்தனமாக ஒரு கதவைத் திறந்தால் திறக்கட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று எல்லோரும் பார்ப்போம்.

கதை நடக்கும் இடத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஆசை அதிகம். புத்தகத்தில் வரும் உலகம் பெரும்பாலும் கோட்டை, பனி, மதுக்கடை, ஓக் மரம். கெட்டது என்று சொல்ல மாட்டேன், நானே அதில் மகிழ்ந்து விளையாடியிருக்கிறேன். கூட வேலை செய்த சீனத் தோழி ஒருவர்தான் எனக்கு இந்த விளையாட்டைக் காட்டினார், அவர் நடத்தியது அப்படிப்பட்ட உலகத்தில்தான். ஆனால் என் மேசைக்கு வருகிறவர்களிடம் "பனி மூடிய மலையடிவாரத்தில் ஒரு மதுக்கடை" என்றால் அவர்கள் மனதில் ஏதோ ஒரு படத்தின் காட்சிதான் வருகிறது. "கடாரத்துத் துறைமுகம், மழை விட்டும் விடாமலும் இருக்கு, ஜெராய் மலை உச்சியில மேகம்" என்றால் அடுத்த வார்த்தையை அவர்களே சொல்கிறார்கள்.

கடாரம் என்பது இன்றைய கெடா. பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் காரில் போனவர்கள் எல்லோருக்கும் அந்த மலையைத் தெரியும். 1,217 மீட்டர் உயரம்; வானம் தெளிவாக இருந்தால் பினாங்கிலிருந்தே தெரியும். அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு. மெர்போக்கில் சண்டி என்று சொல்லப்படும் பழைய கோயில் அடித்தளங்கள் இருக்கின்றன, அருங்காட்சியகம் இருக்கிறது. சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். ராஜேந்திர சோழனின் கப்பற்படை கடாரத்துக்கு வந்தது 1025 வாக்கில். என் கதை அதற்குக் கொஞ்சம் முன்னால் நடக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து வந்த வணிகர்கள், சீனக் கப்பல்காரர்கள், உள்ளூர் இரும்புக் கொல்லர்கள், எல்லோரும் ஒரே துறைமுகத்தில். பெரிய படை ஒன்று வரப்போகிறது என்று வதந்தி. அது உண்மையா என்று கேரக்டர்களுக்குத் தெரியாது, மேசையில் இருக்கும் நமக்குத் தெரியும். காற்று திரும்பும் வரை எந்தக் கப்பலும் கிளம்ப முடியாது என்பதால் கதையில் யாரும் அவ்வளவு சீக்கிரம் தப்பி ஓடவும் முடியாது.

இதற்காக ஒரு விதியையும் மாற்ற வேண்டியதில்லை. கோப்ளினின் எண்களை அப்படியே எடுத்து, ஆற்று முகத்தில் பதுங்கியிருக்கும் கொள்ளைக்காரனுக்குக் கொடுத்துவிடுவேன். உயிர்ப்புள்ளி அதே 7, அம்பு அதே அம்பு. ஓநாய் வரும் இடத்தில் காட்டு நாய். டிராகன் மட்டும் டிராகனாகவே இருக்கிறது, ஜெராய் மலைக்குள்ளே. அதை யாரும் இன்னும் பார்க்கவில்லை.

சாமி விஷயம் நம் வீடுகளில் கட்டாயம் வரும். "பேய் பிசாசைக் கூப்பிடுற விளையாட்டாம்மா இது?" என்று ஒரு மாமா நேரடியாகவே கேட்டார். தப்பில்லை, 1980களில் அமெரிக்காவிலேயே பெற்றோர்கள் பலர் இதே பயத்தில் இந்த விளையாட்டை எதிர்த்தார்கள். அவரிடம் நான் வாதாடவில்லை. ஒரு நாற்காலி போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள் என்றேன். பார்த்தார். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் மரியாதையை நான் மதிக்கிறேன். என் கதையில் முருகனோ அம்மனோ முனீஸ்வரனோ கேரக்டராக வருவதில்லை. டைஸ் உருட்டி அவர்கள் வாயால் நான் பேச மாட்டேன். கோயில் வரும், மணிச்சத்தம் வரும், விளக்கு எரியும், அதோடு சரி. புத்தகத்தில் குணப்படுத்தும் வகைக் கேரக்டர்களுக்குச் சக்தி தெய்வங்களிடமிருந்து வருகிறது. என்னோடு பள்ளியில் படித்த தோழி ஒருத்தி தமிழ் முஸ்லிம் குடும்பம், நாசி கண்டார் கடை வைத்திருப்பவர்கள். வேறு தெய்வத்தை வணங்கும் கேரக்டராக நடிப்பது தனக்குச் சரிப்படாது என்றாள். அதனால் எங்கள் மேசையில் வைத்தியர்களின் சக்தி மூலிகையிலிருந்தும் குருவிடமிருந்தும் வருகிறது. எண்கள் எல்லாம் அதே எண்கள். அவள் இப்போது அண்ணன் மகனைவிடத் தீவிரமாக விளையாடுகிறாள்.

மேசை நடுவில் எக்ஸ் என்று எழுதிய ஒரு சின்ன அட்டை வைப்பது என் வழக்கம். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் என்பவர் உருவாக்கிய முறை இது. கதையில் ஏதாவது ஒன்று யாருக்காவது தாங்க முடியாமல் போனால் அந்த அட்டையைத் தொட்டால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. அந்த இடத்தை மாற்றிவிட்டு நகர்ந்துவிடுவோம். நம்மவர்களிடம் "பிடிக்கலைன்னா சொல்லுங்க" என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள், வீட்டுக்காரர் மனம் நோகுமே என்று பேசாமல் இருப்பார்கள். அட்டையைத் தொடுவது எளிது. குடித்துவிட்டு வந்து அடிக்கும் அப்பா ஒருவர் கதையில் வரவிருந்தபோது ஒரு கை அந்த அட்டைமேல் விழுந்தது. யார் கை என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. அந்த அப்பா ஊரில் இல்லாத வணிகராக மாறினார், கதை தொடர்ந்தது.

செலவைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். பெரிய செலவே இல்லை. நான் முதலில் வாங்கிய பிளாஸ்டிக் டைஸ் செட் 12 வெள்ளி, ஏழு டைஸ். விதிகளுக்குக் காசு கொடுக்க வேண்டியதே இல்லை. 2023 ஜனவரியில் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பை, எஸ்ஆர்டி 5.1 என்று பெயர், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள். மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். யாரும் நகல் எடுக்கலாம், மாற்றலாம், தமிழில் மொழிபெயர்க்கலாம், விற்கவும் செய்யலாம். 2024 விதிகளுக்கான 5.2 தொகுப்பும் 2025-ல் அதே உரிமத்தில் வந்துவிட்டது. நான் தமிழில் எழுதிய அட்டைகளை ஜெராக்ஸ் எடுத்து யாருக்கும் கூச்சமில்லாமல் கொடுக்க முடிவது இதனால்தான். பழைய பதிப்பா புதிய பதிப்பா என்று குழம்ப வேண்டாம், முதல் ஆறு மாதத்துக்கு எதுவும் பெரிய வித்தியாசம் தராது.

சின்னப் பிள்ளைகள் என்றால் நான் இந்த விளையாட்டையே எடுப்பதில்லை. இரண்டு ஆறு பக்க டைஸில் நடக்கும் எளிய முறைகள் இருக்கின்றன. 2012-ல் வந்த டன்ஜன் வேர்ல்ட் அப்படி ஒன்று. கூட்டி 10 அல்லது மேலே வந்தால் நினைத்தது நடக்கும், 7 முதல் 9 வரை நடக்கும் ஆனால் ஏதாவது விலை கொடுக்க வேண்டும், 6 அல்லது கீழே என்றால் சிக்கல். தாயக்கட்டமும் பாம்பும் ஏணியும் ஆடிய கைகளுக்கு அது உடனே புரிகிறது.

நேரம்: இரண்டரை மணி நேரம், நடுவில் ஒரு தே பிரேக். அதற்கு மேல் இழுக்காதீர்கள், திங்கட்கிழமை காலை ஷிஃப்ட் எல்லோருக்கும் இருக்கிறது. தைப்பூச வாரத்தில் எங்கள் வீட்டில் விளையாட்டு கிடையாது, பாதிப்பேர் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுக்கிறவர்கள், மீதிப்பேர் தண்ணீர்ப்பந்தலில். தின்பதற்கு முறுக்கு நல்லது. கறிபாப் எண்ணெய் அட்டையெல்லாம் ஏறிவிடும், அதை பிரேக்கில் கொடுங்கள்.

முதல் நாள் முடிந்ததும் அட்டைகளை நான் திருப்பி வாங்கிக்கொள்வதில்லை. அவர்களோடு போகட்டும். அட்டையின் பின்பக்கத்தை வேண்டுமென்றே காலியாக விட்டிருப்பேன். "அடுத்த வாரம் வரும்போது உங்க ஆளைப் பத்தி எனக்குத் தெரியாத ஒண்ணு எழுதிட்டு வாங்க" என்பேன். இரண்டாவது நாள்தான் முழு கேரக்டர் தாளைத் தருவது, லெவல் 2-க்கு ஏற்றுவது, மீதி டைஸ்களைக் கொடுப்பது எல்லாம். அதற்குள் அவர்களுக்கு எந்தக் கட்டத்தில் என்ன எண் ஏன் இருக்கிறது என்று பாதி தெரிந்திருக்கும். மீதியை அவர்களே கேட்பார்கள். புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் புரட்டுகிறவர்களும் உண்டு. அப்போது தாராளமாகக் கொடுக்கலாம், ஒரு வாரம் வீட்டுக்கே எடுத்துப் போகச் சொல்லலாம்.

சித்தி எழுதிக்கொண்டு வந்தது இரண்டே வரி: செங்கமலத்துக்கு ஒரு தம்பி இருந்தான், கப்பலில் போனவன் திரும்பி வரவில்லை. அந்தத் தம்பியைத் தேடித்தான் இப்போது எங்கள் குழு முழுக்க அலைந்துகொண்டிருக்கிறது. அடுத்த மாதம் வேறு நாலு பேரோடு இன்னொரு மேசை ஆரம்பிக்கிறேன். இரண்டு இடம் காலியாக இருக்கிறது. ஜெலுத்தோங், கிரீன்லேன், டத்தோ கெராமாட் பக்கம் இருப்பவர்கள் வரலாம். கையை வீசிக்கொண்டு வந்தால் போதும், பென்சிலும் அட்டையும் நான் தருகிறேன்.